முதுகின் அளவு

"எத்தனை நாளா இந்த வளைவு, பாய்?" என்று டாக்டர் கேட்டார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஷாஹுல் ஹமீது சட்டைப் பொத்தானைத் திருகினான். பதில் தெரியாமல் இல்லை. பக்கத்தில் மனைவி நஸ்ருன்னிசா நின்றிருந்தாள். எதிரே பெஞ்சில் பன்னிரண்டு வயது மகள் ஷாகிரா குப்புறப் படுத்திருந்தாள். போன வாரம் அவள் குழாயடியில் கால் மரத்து விழுந்த பிறகுதான் தாய் அந்த முதுகைப் பார்த்தாள். தனியாகக் குளிக்கத் தொடங்கிவிட்ட பெண்ணின் முதுகை யார் பார்க்கிறார்கள்?

அவளுடைய பெருநாள் உடுப்புக்கு அளவெடுத்தவன் பார்த்திருந்தான். உலக யுத்தம் முடிந்த வருஷத்திலிருந்தே டேப் சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதே என்று, பெருநாளுக்குப் பெருநாள் பின்பக்கத்தை இறக்கி வெட்டி, தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தான். வளரும் பிள்ளை, தானாக நிமிர்ந்துவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான், மடையன்.

"மறைக்காம சொல்லுங்க. எவ்வளவு வேகமா வளையுதுன்னு தெரிஞ்சாத்தான் ஆபரேஷனைப் பத்தி முடிவு பண்ண முடியும்."

"ரெண்டு வருசம் ஆவுதுங்க. மொத நோம்புப் பெருநாளுக்கு முதுகு அளவு கால் இஞ்சு கூடுச்சு. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முக்கால். இப்ப ஒண்ணேகால்."

இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை என்று டாக்டர் மெச்சியபடி எழுதிக்கொண்டார். அவனுக்குச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு கரைந்துபோயிருக்கிறது, பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருவது என்றார். அப்போதே வந்திருந்தால் மாவுக்கட்டோடு போயிருக்குமாம். இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பைச் சீவியெடுத்து முதுகில் பதிக்க வேண்டும். ஆறு மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். அதற்கப்புறமும் நடப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது.

"இன்னாங்க இது? தெரிஞ்சிக்கினேவா இருந்தீங்க?" என்றாள் நஸ்ருன்னிசா.

குப்புறக் கிடந்தபடியே ஷாகிரா சொன்னாள்: "வாப்பாவ ஒண்ணும் சொல்லாத உம்மா. நான்தான் உன்கிட்ட சொல்ல வாணாம்னு அழுதேன்."

அவள் அழவே இல்லை. முதுகு வலிக்கிறது என்று இரண்டு முறை அவனிடம் வந்து சொன்னாள். வெளியே சொல்லாதே என்று வாயை அடைத்தவன் அவன்தான்.

"அடிப் பாவி!" என்று நஸ்ருன்னிசா மகளின் தலையில் ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தலையைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

இல்லை என்று சொல்ல ஷாஹுல் ஹமீது வாயைத் திறந்தான். அதற்குள் நர்ஸ் சம்மதக் காகிதத்தை நீட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். தாயின் கைகளுக்கு நடுவிலிருந்து ஷாகிரா மெல்லத் தலையைத் திருப்பி, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.