இஸ்திரி போட்ட நட்சத்திரம்

பழைய கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றச் சொல்லி மூன்றாவது முறையாக ஆள் வந்த பிறகுதான் பேராசிரியை வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொக்கியது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பின் பெயரைப் பார்த்ததும் தூக்கம் போன இடம் தெரியவில்லை. அது நெட்டையின் நட்சத்திரம்.

நெட்டை அவருடன் ஆராய்ச்சி செய்த தோழி. வாரத்துக்கு ஒரு முறையாவது கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு பேருக்கும் ஒரே கணினி, கால் ஆடும் நாற்காலி ஒன்று; அதில் யார் உட்காருவது என்று தினமும் சண்டை. நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். அதன் மேல்விளிம்பை ஒட்டி வழவழவென்று இன்னொரு கோடு வரைந்து, முதல் கோட்டை இதனால் வகுத்தால் கருவியின் கோணல் போய் எல்லாம் தட்டையாகிவிடும். மிஞ்சுகிற பள்ளங்கள்தான் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லும். அந்த வேலைக்கு இவர்கள் வைத்த பெயர் இஸ்திரி. எத்தனை சிரிப்பு, எத்தனை ஆறிப்போன காபி! அந்த அறைக்கு இன்னொரு தடவை போக முடியுமென்றால் பேராசிரியை தன் பட்டங்களையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

இந்த நட்சத்திரத்தின் தரவு படுமோசம், ஒரே இரைச்சல்; கோடு முழுக்கத் தாறுமாறான நடுக்கம். அதற்குள் அகலமான, ஆழமில்லாத ஒரு பள்ளம் இருப்பதாக நெட்டை அடித்துச் சொன்னாள். நட்சத்திரம் அசுர வேகத்தில் சுழல்கிறது, அதனால்தான் பள்ளம் இப்படிப் பரந்து கிடக்கிறது என்றாள். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் கருவியின் கோணல் என்று சொல்லி, மேலே போடும் வழவழக் கோட்டை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வளைத்து இறக்கி வகுத்தார். பள்ளம் போன சுவடு தெரியவில்லை. நெட்டை மறுபேச்சு பேசவில்லை. அடுத்த வருடமே ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். அலுத்துவிட்டது என்று காரணம் சொன்னாள். இவரும் அதையே ஊரெல்லாம் சொன்னார்.

இப்போது பேராசிரியை அவ்வளவாக வளையாத ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தார். பள்ளம் இருந்தது. அதே கருவியில், அதே நாளில் எடுத்த வேறொரு நட்சத்திரத்தைத் திறந்தார். அதில் அந்த இடம் சமதளமாக இருந்தது. கருவியின் கோணல் என்றால் இதிலும் பள்ளம் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய சோதனை, பத்து நிமிட வேலை. கோப்பை மூடிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. நெட்டைக்குத் தெரிந்தால், வருடத்துக்கு ஒரு முறையாவது பேசும் ஒரே பழைய தோழியும் போய்விடலாம். பள்ளி விடும் நேரம் பார்த்துப் போன் செய்தார்.

"அந்தப் பள்ளம் நிஜம்டி. நான்தான் இஸ்திரி போட்டு அழிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே நெட்டை கேட்டாள்.

"எவ்வளவு ஆழம்?"

"நூத்துக்கு மூணு."

"இல்லாததைப் பாக்குற கண்ணு எனக்குன்னு நெனச்சேன்டி," என்றாள் நெட்டை. "அதுக்கப்புறம் எதைப் பாத்தாலும் சந்தேகம். அதான் கெளம்பினேன். அலுக்கவே இல்ல."

பேராசிரியை மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்திருந்தார். அதற்குள் நெட்டையே முந்திக்கொண்டாள்.

"அந்தக் கோட்டுப் படத்தை அனுப்பு," என்றாள் நெட்டை. "ஒரு தடவை பாத்துக்கறேன்."