ஒடெட் தவ்ஃபீக், வயது ஐம்பத்திரண்டு

மின்யா நகரத்துப் பெருமக்களுக்கும், நைல் நதியின் இரு கரைகளிலும் வாழ்வோருக்கும், பிற்காலத்தில் என் வரலாற்றை ஆராயப்போகும் அறிஞர்களுக்கும் இதனால் அறிவிப்பது: வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மாதா கோயில் மண்டபத்தில், ஓர் எழுத்தாளர் பிறக்கிறார். வயது ஐம்பத்திரண்டு.

அந்தக் குழந்தை நான்தான். இருபது வருடமாகக் கோயில் பத்திரிகையில் ‘ஒரு சகோதரி’ என்ற பெயரில் எழுதி வந்தேன். கெய்ரோவில் ஒரு பதிப்பகம் என் கதைகளைப் புத்தகமாகப் போட முன்வந்தபோது, அட்டையில் என் சொந்தப் பெயர் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். தெருவில் நான் உம்மு அபனூப், அதாவது அபனூபின் அம்மா. மருந்துக்கடைப் பக்கம் போனால் கடைக்காரர் டாக்டர் வதீயின் வீட்டுக்காரி; எங்கள் ஊரில் மருந்து விற்பவரும் டாக்டர்தான். ஒடெட் என்று கூப்பிடுவது அடையாள அட்டையைப் பார்க்கிற குமாஸ்தா மட்டும். வெளியீட்டன்று யாராவது எழுந்து அந்தப் பெயரைச் சொல்லி, பக்கத்தில் எழுத்தாளர் என்றும் சொல்லிவிட வேண்டும். என் பேராசை அவ்வளவுதான்.

கோயில் அறிவிப்புப் பலகைக்காக என்னைப் பற்றி நானே எழுதினேன்: “ஒடெட் தவ்ஃபீக். எழுத்தாளர், தாய், விசுவாசி.”

என் கணவர் வதீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்னம்மா இது, அநாதை மாதிரி? உங்கண்ணன் என்ஜினியராச்சே, அவர எங்க காணோம்?”

“கதைய அவரா எழுதினாரு?”

“எழுதலன்னா என்ன, மனசு நோகாதா? கனடாவுல எங்கக்கா வேற இருக்கா. அவ நாக்கப் பத்தித் தெரியுமில்ல?”

எங்கள் பாதிரியார் அபூனா பிஷோய்க்கு மூன்றாவது சொல்லில் தகராறு. “விசுவாசின்னு நீயே போட்டுக்கலாமா மகளே? அத நாங்கல்ல சொல்லணும்.”

“எப்ப சொல்லுவீங்க அபூனா?”

“அடக்கத்தப்போ.”

வெள்ளிக்கிழமை புத்தகக் கட்டுகளை வாங்கிவர நான் கெய்ரோவுக்கு ரயிலேறினேன். “நீங்களே பாத்து எழுதி ஒட்டிடுங்க” என்று வதீயிடம் சொன்னதுதான் நான் செய்த தவறு. அவர் வாழ்நாளில் எழுதிய உரைநடை ஒரே வகைதான். குடும்பத்தில் யார் போனாலும் செய்தித்தாளுக்கு மரண அறிவிப்பு அவர் கைவண்ணம். மனிதர் பழகிய கையாலேயே எழுதிவிட்டார்:

“ஒடெட் தவ்ஃபீக். டாக்டர் வதீயின் துணைவி, அபனூபின் அன்னை, என்ஜினியர் ரம்ஸியின் சகோதரி, கனடாவில் வாழும் மதாம் ஐரிஸின் தம்பி மனைவி, மின்யா, பெனீ சுவேஃப் நகரங்களின் பிஷாய், மிகாயீல் குடும்பங்களின் உறவினர். சனிக்கிழமை மாலை ஐந்து மணி, மாதா கோயில் மண்டபம்.”

புத்தக வெளியீடு என்பதும் இதற்கு அடியில் இருந்தது, பொடி எழுத்தில் கடைசி வரியாக. எங்கள் ஊரில் இப்படிப்பட்ட அறிவிப்பைத் தன் குடும்பப் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் படிப்பார்கள். அதற்குக் கீழே யார் போகிறார்கள்? போதாக்குறைக்கு, சனிக்கிழமை மதியம் என்னை அழைத்துவர வதீ மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு ரயிலடிக்கு வந்துவிட்டார். பூட்டிய கடையைப் பார்த்தவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

ரயிலடியிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போனோம். இருபது பேர் வந்தால் அதிகம் என்று நான் நினைத்திருக்க, நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேரும் கறுப்பு உடை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மண்டபக் காவலர் சமான் துக்கத்துக்குரிய சர்க்கரையில்லாத காபியை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவைத்திருந்த பஸ்பூசா இனிப்புத் தட்டை மரியாதைக்காக மேசைக்கடியில் தள்ளிவிட்டிருந்தார்.

நான் உள்ளே நுழைந்ததும் எதிர்வீட்டு உம்மு கிர்கிஸ் அலறினாள். “யேசுவே! எந்திரிச்சு வந்துட்டா!”

“நான் சாகவே இல்லடி!”

“அப்ப எதுக்குடி இவ்ளோ நல்லா எழுதிப் போட்டீங்க? காலைலேர்ந்து அழுது கண்ணெல்லாம் வீங்கிப்போச்சு!”

கூட்டம் எழத் தொடங்கியது. எழுந்தவர்கள் வாசலைத் தாண்டினால் என் பெயரும் வெளியே போய்விடும். யாராவது அறிமுகம் செய்வார்கள் என்று காத்திருக்க நேரமில்லை. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன்.

“உக்காருங்க! நான் ஒடெட். உயிரோடதான் இருக்கேன். நான் எழுத்தாளர். என் அடக்கத்துக்கு வந்தவங்க ஒரு கதைய மட்டும் கேட்டுட்டுப் போங்க.”

செத்தவள் பேச்சைத் தட்ட யாருக்கும் தைரியமில்லை. உட்கார்ந்தார்கள். பால்கூடத் தொடக்கூடாத விரதக் காலத்தில் ஒளித்துவைத்துப் பாலாடைக்கட்டி தின்னும் கோயில் பொருளாளரைப் பற்றிய கதையைப் படித்தேன். முதல் பக்கத்தில் யாரோ இருமினார்கள். இரண்டாம் பக்கத்தில் பெண்கள் பக்கம் குலுங்கியது. மூன்றாம் பக்கத்தில் எங்கள் பொருளாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அது தன்னைப் பற்றியது என்று அவருக்குப் படவேயில்லை. சமான் இனிப்புத் தட்டை வெளியே எடுத்தார்.

பிறகு கையெழுத்துக்கு வரிசை. முதலில் உம்மு கிர்கிஸ்.

“யார் பேருக்குப் போடட்டும்?”

“உம்மு கிர்கிஸ்னு போடேன்.”

“அது உன் பையன் பேரு. உன் பேரச் சொல்லுடி.”

சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “எவாஞ்சலின்.”

“முப்பது வருஷமா எதிர்வீடு. இவ்ளோ அழகான பேர எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?”

அவள் முகம் சிவந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவள் நான் கேட்காமலே “ஜொஸெஃபின்” என்றாள், கொஞ்சம் உரக்க. அடுத்தவள் “ஃபாய்ஸா”. வரிசை வாசல்வரை நீண்டது. கறுப்பு உடுத்திய பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தன் பெயரைச் சொல்ல, எழுதி எழுதி என் விரல் மரத்துப்போனது. அன்று என் பெயரை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும், டாக்டர் வதீயின் வீட்டு நிகழ்ச்சிக்கு வந்திருந்த அனைவருக்கும் அபூனா நன்றி சொன்னார்.