முதலாவதாக வந்தவள்

பணியாளர் பிரிவின் தலைமை எழுத்தருக்கு அலுவலகத்தில் 'விதிப்புத்தகம்' என்று பட்டப்பெயர். நடத்தை விதிகள் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அலுவலகக் குண்டூசி ஒன்று கைப்பையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால்கூட, மறுநாள் அதை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள்.

அவளுக்கு ஒரே தங்கை. எட்டு வயதில் வந்த காய்ச்சல் தங்கையின் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். காது கேளாதோர் ஒதுக்கீட்டில் அக்காவின் அலுவலகத்திலேயே ஓர் எழுத்தர் இடம் வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. வயது வரம்பும் அதுதான். இதை விட்டால் இல்லை என்று ஏழு மாதம் புத்தகமும் கையுமாகக் கிடந்தாள்.

உறவினர் விண்ணப்பித்தால் ஊழியர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

"அவங்க இருக்கறது அம்மா வீட்டுல, உங்க விலாசம் வேற. யாருக்குத் தெரியப்போகுது? பேசாம இருங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அவள் எழுதிக் கொடுத்தாள். அந்த நியமனக் கோப்பையும் தான் தொடாமல் அவர் மேசைக்கே தள்ளிவிட்டாள்.

தேர்வும் நேர்காணலும் முடிந்து, வேலை இன்னொருவருக்குப் போயிற்று. கோப்பு எண்ணிட்டு அடுக்குவதற்காக அவளிடம் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தாள். எழுத்துத் தேர்வில் தங்கைதான் முதல். இரண்டாவதாக வந்தவரைவிடப் பதினொரு மதிப்பெண் கூடுதல். நேர்காணலில் மட்டும் இருபதுக்கு இரண்டு. கீழே இயக்குநரின் கையெழுத்தில் ஒரு வரி: 'ஊழியரின் உறவினர். வீண் பேச்சுக்கு இடம் வேண்டாம்.'

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ஐயா, என் தங்கைதானே முதல்ல வந்திருக்கா?"

"யாரும்மா இல்லேன்னது? ஆனா நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. நீங்க எழுதிக் குடுக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "கோப்புல இருக்கறது வெளிய போகக் கூடாது. இந்த விதியை உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவள் தங்கையிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் அம்மா வீட்டுப் பக்கமே போகவில்லை. போன அன்று, தங்கையின் புத்தகங்கள் பழைய பேப்பர்காரருக்காகக் கயிறு கட்டி வாசலில் இருந்தன.

"எனக்கு அவ்வளவுதான் மூளைக்கா" என்று தங்கை சிரித்தாள்.

அதற்குமேல் அக்காவால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுக்க இங்கே வழியில்லை. கண்ணுக்கு நேராகப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும். சொன்னாள். முழுவதையும் சொன்னாள்.

"மேல்முறையீடு பண்ணலாம்டி. கோப்புல பார்த்ததை நானே வந்து சொல்றேன்."

"சொன்னா உன் வேலை?"

"போகட்டும்."

"உன் பிள்ளைங்க?"

அக்காவின் பார்வை வாசலில் கட்டிக் கிடந்த புத்தகங்களுக்குப் போயிற்று.

"மூளை இல்லைன்னு நினைச்சு எப்படியோ மனசை ஆத்திக்கிட்டேன். அதையும் கெடுத்துட்டியேக்கா. இனி எதைச் சொல்லி ஆத்திக்கிறது?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்கு எதிரே எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் போய்ச் சேராது என்று தெரிந்தும், அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

மேல்முறையீட்டு மனுவை அக்காவே எழுதிக்கொண்டு போனாள். தங்கை கையெழுத்துப் போடவில்லை. கெடு முடிந்தது.

அடுத்த மாதம் புதிய எழுத்தர் வேலையில் சேர்ந்தார். முப்பது வயதிருக்கும், கூச்ச சுபாவம். நடத்தை விதிகளை விளக்கிக் கையெழுத்து வாங்குவது தலைமை எழுத்தரின் வேலை. ஒவ்வொரு விதியையும் அவர் முகத்தைப் பார்த்து, உதடு தெளிவாக அசைய, நிதானமாகச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"இங்க நீங்க பேசறது மட்டும் ஒண்ணு விடாமப் புரியுது மேடம். எங்க பழகினீங்க?"

"வீட்ல. தங்கச்சிக்கும் காது கேக்காது."

"அப்படியா! அவங்களும் அரசாங்க வேலையா?"

"இல்ல. மருந்து கம்பெனியில அட்டைப்பெட்டி மடிக்கிறா" என்று சொல்லிவிட்டு, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.