டிரில் டீச்சரின் இரண்டு ரவுண்டு

டிரில் டீச்சர் திரௌபதி பதினான்கு வருஷமாக ஒரே சட்டத்தை வைத்துப் பெண்கள் பள்ளியை ஆண்டுவந்தார். கால் வலி என்று வருகிற பெண், ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து வர வேண்டும். படத்தில் ஏதாவது தெரிந்தால் மரத்தடியில் உட்காரலாம். தெரியாவிட்டால் மைதானத்தை இரண்டு ரவுண்டு ஓட வேண்டும். இந்தச் சட்டம் வந்ததிலிருந்து திருவண்ணாமலையில் அந்தப் பள்ளியில் மட்டும் யாருக்கும் கால் வலிப்பது அநேகமாக நின்றுபோயிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம். சுதந்திர தின அணிவகுப்புக் கேடயம் ஐந்து வருஷமாக ஹெட்மிஸ்ட்ரஸ் அறை அலமாரியில் இருந்தது. அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர திரௌபதிக்கு வேறு ஆசை கிடையாது. கோடை லீவில் எல்லாரும் நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருந்தார்கள், டீச்சர் உட்பட. விட்டதைப் பிடிக்க ஜூலை முதல் தேதியிலிருந்து காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி பயிற்சி. அதுவும் சிமெண்டுத் தளத்தில். மண்ணில் சத்தம் வராது.

"கால வைக்கிறீங்களா, கோலத்த மிதிக்காம தாண்டுறீங்களா? சத்தம் மலை உச்சிக்குக் கேக்கணும்டி!" என்று கத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, தானே வலது காலைத் தூக்கித் தரையில் அறைந்து காட்டுவார். ஒரு தடவை அல்ல, நூறு தடவை.

பதினைந்தாம் நாள், அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு வள்ளி நொண்டிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், பாதத்துல ஒரே இடத்துல வலிக்குது. நடந்தா ஜாஸ்தி, உக்காந்தா கம்மி."

"உக்காந்தா யாருக்குடி வலிக்கும்? போய் படம் எடுத்துட்டு வா."

படத்தில் ஒன்றும் இல்லை. வள்ளி இரண்டு ரவுண்டு ஓடினாள். ஓடினாள் என்று சொல்ல முடியாது.

மறு வாரம் அதே வலி டீச்சருக்கு வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் ராணியம்மாள்தான் வராந்தாவில் பார்த்துவிட்டார்.

"என்ன டீச்சர், நொண்டுறீங்க?"

"செருப்பு புதுசு மேடம். கடிக்குது."

ராணியம்மாள் குனிந்து பார்த்தார். டீச்சர் காலில் செருப்பே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்கரவர்த்தி படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "ஒண்ணும் தெரியலீங்களே." பிறகு இரண்டாம் விரலுக்கு மேலே, பாதத்தில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். டீச்சர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் குழந்தைகள் அழுதன. "மூணு வாரம் கழிச்சு வாங்க, இன்னொரு படம் எடுப்போம். அதுவரைக்கும் நடக்கிறதக் கொறைங்க. கால அறையாதீங்க."

டீச்சர் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான்.

மறுநாள் காலை நானூறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். டீச்சர் கக்கத்தில் எக்ஸ்ரே கவர் இருந்தது.

"டீச்சர், படத்துல இன்னா தெரிஞ்சுது?" என்றாள் வள்ளி.

"ஒண்ணுமில்ல."

நானூறு தலைகள் மைதானத்தின் பக்கம் திரும்பின. மறுபடி டீச்சர் பக்கம் திரும்பின.

திரௌபதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். முதல் ரவுண்டில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது ரவுண்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்ட சத்தம் அன்றைக்குத்தான் மலை உச்சிக்குப் போனது.

மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில், மெல்லிய எலும்பு ஒன்றைச் சுற்றிப் பஞ்சு வைத்தாற்போல் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"விரிசல் அப்பவே இருந்திருக்கு. இப்ப புது எலும்பு கட்டுது, அதான் தெரியுது" என்றார் டாக்டர்.

"நான் கீழ விழவே இல்லையே சார்!"

"உங்க கொண்டை ஊசி ஒண்ணு குடுங்க." வாங்கி, முன்னும் பின்னும் வளைக்க ஆரம்பித்தார். டிரில் டீச்சர் பழக்கதோஷத்தில் எண்ணினார். இருபத்து மூன்றில் ஊசி ஒடிந்தது.

"இருபத்தி ரெண்டுல படம் எடுத்திருந்தா?"

"ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் டீச்சர். சொன்ன பிறகு சற்று நேரம் ஒடிந்த ஊசியையே பார்த்தார். "சார், எங்க ஸ்கூல் பொண்ணு ஒருத்தி..."

"கூட்டிட்டு வாங்க."

வள்ளியின் படத்திலும் பஞ்சு இருந்தது. இருவருக்கும் ஒரே தீர்ப்பு: ஆறு வாரம் ஓட்டமில்லை, குதிப்பில்லை, அடி கெட்டியான ஷூ. அப்புறமும் மண்தரையில், கொஞ்சம் கொஞ்சமாக.

சுதந்திர தினத்தன்று இரண்டு நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாட்களில் மண்ணில் மட்டுமே பழகிய பெண்கள் சத்தமில்லாமல் நடந்துபோனார்கள். கேடயம் வேறு பள்ளிக்குப் போயிற்று.

"பூனை மாதிரி நடக்கிறாளுங்க" என்று முணுமுணுத்தார் திரௌபதி.

"டீச்சர், கேடயம் வாங்கினவங்கள்ல எத்தினி பேரு நொண்டுறாங்க, எண்ணிப் பாருங்க."

டீச்சர் எண்ணினார். மூன்று.

மறுநாள் சட்டம் மாறியது: படம் வேண்டாம், வலித்தால் டீச்சரிடம் வந்து சொன்னால் போதும். அன்றைக்கே முப்பத்தேழு பேருக்குக் கால் வலித்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதத்தையும் கட்டைவிரலால் அழுத்தினார். முப்பத்தாறு பேர் கூச்சத்தில் சிரித்தார்கள்.

"ரெண்டு ரவுண்டு. மண்ணுல."

கடைசியாக வந்த கீழ்பென்னாத்தூர்ப் பெண் சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து நின்று, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.