தானாகப் போன சீர்

மயிலாப்பூரிலிருந்து வடபழனி ஒன்றும் காசி யாத்திரை இல்லை. ஆனாலும் ராகவேந்திரன் அக்கா வீட்டுப் படியேறி நாலு வருஷமாகிறது. அப்பா இருந்தவரை, பொங்கலுக்கு மறுநாள் வரும் கனுவுக்காகக் கரும்பும் மஞ்சள்கொத்தும் புடவையுமாக ஆட்டோவில் போய் ஸ்ரீரஞ்சனிக்குச் சீர் கொடுத்துவிட்டு வருவார். அவர் போன பிறகு, இவன் காலத்தில் சீர் முதலில் கவருக்குள் நுழைந்தது, பிறகு போனுக்குள். இந்தத் தையில் அதற்கும் சோம்பல்பட்டு, வருஷா வருஷம் தானாகவே ஐயாயிரம் போய்விடும்படி வங்கி ஆப்பில் ஏற்பாடு செய்தான் மகானுபாவன்.

செய்ததையாவது ஒழுங்காகச் செய்தானா? வருஷம் என்பதற்குப் பதில் மாதம் என்பதைத் தொட்டுவிட்டான். ஜிம், சினிமா, பால், பையனின் கீபோர்டு வகுப்பு என்று எல்லாமே தானாகப் பிடித்துக்கொள்ளும் வீட்டில் இதை யார் கவனிப்பார்கள்? ஆவணியில்தான் அவன் மனைவி ஜெயஸ்ரீ கண்டுபிடித்தாள்.

"மாசாமாசம் உங்கக்காவுக்கா? அவாளும் வாயே திறக்கலையே! போனைப் போட்டுக் கேளுங்கோ."

அவனுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாளே என்ற கோபத்தோடேயே கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பணம்..."

"சொல்லாதேடா, அழுதுடுவேன்" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "மாசில அத்திம்பேருக்கு வேலை போனதை நான் யார்ட்டயும் மூச்சு விடலை. உனக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. கேட்டா எனக்குக் கூச்சமா இருக்கும்னு ஒரு வார்த்தை பேசாம அனுப்பறே பார். ஆத்துல அடுப்பெரியறதே அதுலதான்."

"எனக்கு..." தெரியாது என்று அவன் முடிப்பதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"அப்பா போனப்புறம் நீ என்னை மறந்துட்டேன்னு மனசுக்குள்ள உன்னைத் திட்டிண்டிருந்தேன்டா. மன்னிச்சுக்கோ."

ராகவேந்திரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடப்பிறந்தவள் வீட்டில் என்ன நடக்கிறது என்றுகூடத் தெரியாமல், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூப்பிட்டவனிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். எதிரே ஜெயஸ்ரீ, என்னவாம் என்று கையாட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை நான் அங்க வரேன்."

"எதுக்குடா வீண் அலைச்சல்?" என்றாள் அவள், மனசார. "அதான் மாசம் தவறாம அனுப்பிடறயே. அது போறும்டா."