சாக மறுத்த கதாநாயகி

தையல்காரர் எழுதிய நான்கு நாடகங்களிலும் கதாநாயகி காசநோயில்தான் செத்தாள். வெள்ளைக் கைக்குட்டையில் சிவப்பு மை, தோளில் சால்வை, முகத்தில் இரண்டு பூச்சு பவுடர். மீதியை இருமல் பார்த்துக்கொள்ளும். அவருடைய காசநோய் அழகிகளுக்கு மட்டுமே வரும். தலைமுடியைக்கூடக் கலைக்காது.

ஐந்தாவது நாடகத்துக்கு ஆள் கிடைக்காமல் மனைவியின் தங்கையைப் பிடித்தார். அவள் நெஞ்சுநோய் மருத்துவமனையில் நர்ஸ்.

“ஆறு நிமிஷம் இருமிக்கிட்டே பாடறாளே மாமா, மூச்சு எங்கேருந்து வரும்?”

“அது கலைம்மா.”

“டாக்டர் வர்றாரே, சளி டெஸ்ட் எழுத மாட்டாரா?”

“கண்ணாடியைக் கழட்டித் தலையை ஆட்டுவார்.”

“அவ்வளவுதான் வைத்தியமா?”

“அவ்வளவுதான். உடனே நீ செத்துடணும்.”

சரி என்றாள். அந்தச் சரியைத் தையல்காரர் நம்பிவிட்டார்.

ஞாயிறு மதியம் நூலக மண்டபம் நிரம்பி வழிந்தது. மூன்றாம் காட்சியில், டாக்டராக நடித்த முடிதிருத்துபவர் கண்ணாடியைக் கழற்றித் தலையை ஆட்டினார். சாக வேண்டியவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“தலையை அப்புறம் ஆட்டலாம் டாக்டர். முதல்ல சளி டெஸ்டுக்குச் சீட்டு எழுதுங்க.”

அவர் மிரண்டுபோய் உள்ளங்கையிலேயே எழுதினார். திரை மறைவில் தையல்காரர், “செத்துடு, செத்துடு” என்று வாயசைத்துக் கும்பிட்டார். அவளோ கணவனாக நடித்த தபால்காரரிடம் திரும்பினாள்.

“நீங்களும் டெஸ்ட் எடுத்துக்கணும். ஒரே வீட்டுல இருக்கோம்ல?”

தபால்காரருக்கு நிஜமாகவே முகம் வெளுத்தது.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். “மாத்திரை எத்தனை நாளைக்கும்மா?”

“ஆறு மாசம் ஐயா. உடம்பு தேறிடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது.”

தபால்காரருக்கு, ஒரு மாதமாக மனப்பாடம் செய்த ஒப்பாரியை விட்டுவிட மனமில்லை. பாடியே தீர்த்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாலு பேரைக் கொன்றும் கிடைக்காத கைதட்டல். தையல்காரருக்கு வயிறு எரிந்தது. அடுத்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்கள் சட்டைக்கு அளவு கொடுத்த கையோடு மருத்துவமனைக்கு வழி கேட்டார்கள்.

ரோஷத்தோடு ஆறாவது நாடகத்தைத் தொடங்கினார். மச்சினி எட்டிப் பார்த்தாள்.

“இதுல என்ன வியாதி மாமா?”

“மாரடைப்பு” என்றார் நிம்மதியாக.

“நல்லதாப் போச்சு. அந்த வார்டுல ரெண்டு வருஷம் இருந்திருக்கேன்.”

தையல்காரர் அந்த வரியை அடித்துவிட்டு, கதாநாயகிக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.