காகிதத் தக்கை

தக்கை தெறித்த சத்தம் எனக்குக் கேட்டது. என் கணவருக்குக் கேட்கவில்லை.

பட்டறை மூலையில் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது என் வேலை. மிஷினுக்கு எதிரே அந்த வெள்ளைக் கார் மூடி திறந்து நின்றது. அவர் அதன் முன்னால் குனிந்து, என்ஜினின் கீழ்ச் சக்கரத்தை ஸ்பேனரால் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் காகிதத்தை உருட்டிச் செருகியிருந்தார். பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு மேலே ஏறும்போது காகிதம் 'டப்'பென்று வெளியே தெறிக்கும். அதையடுத்துச் சக்கரத்திலுள்ள கோடு, என்ஜினில் பொருத்திய அடையாள முள்ளுக்கு நேராக வரும் இடம்தான் உச்சி. பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, அங்கிருந்துதான் வைக்க வேண்டும். புகையை வெளியே தள்ளவும் பிஸ்டன் ஒருமுறை மேலே வரும். அப்போதும் கோடு அதே முள்ளுக்கு நேராகத்தான் நிற்கும். அதை உச்சி என்று நம்பினால் வேலை கெட்டது. மற்ற மெக்கானிக்குகள் ஓட்டையில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். இவர் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் காதாலேயே பிடித்துவிடுவார். தெருவில் இவருக்குக் 'காதுக்காரர்' என்றே பெயர்.

தெறித்த பிறகும், கோடு முள்ளைத் தாண்டிய பிறகும் ஸ்பேனர் நிற்கவில்லை. திருப்பிக்கொண்டே இருந்தவர் தற்செயலாக நிமிர்ந்தார். ஓட்டை காலியாக இருப்பதைப் பார்த்தார். இப்போதுதான் தெறித்தது என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு, அடுத்துக் கோடு வந்த இடத்தில் நிறுத்தினார். அது புகை தள்ளும் உச்சி.

பெடலில் இருந்த என் கால் அப்படியே நின்றுவிட்டது.

காலையில்தான் கொழுந்தன் என்னிடம் வந்து நின்றார். பட்டறையில் அவருக்கும் பாதிப் பங்கு. "அண்ணி, இந்த வண்டி திரும்பத் திரும்ப வருது. இன்னைக்கும் சரியாகலேன்னா டைமிங் வேலையை நான் எடுத்துக்கறேன். அண்ணன் வாசல் பக்கம் உட்கார்ந்து வர்றவங்களுக்குப் பதில் சொல்லட்டும்." அவர் குரலில் கெடுதல் எண்ணம் இல்லை. ஆனால் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, அந்த ஒன்றுதான் இவரால் முடியாதது.

வீட்டில் நான் கூப்பிட்டால் அவர் திரும்பாமல் போகத் தொடங்கியபோது, என்மேல் வெறுப்பு என்று நினைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன், சண்டையும் போட்டேன். ஒருநாள் குக்கர் விசில் மேல் விசில் அடிக்க, அதன் பக்கத்திலேயே நின்று அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது புரிந்தது. முதலில் எனக்கு வந்தது துக்கமல்ல, நிம்மதி. என்மேல் வெறுப்பில்லை என்ற நிம்மதி. அதை நினைத்தால் இன்னும் என் முகத்தை நானே பார்க்கக் கூசுகிறது. அவர் மறைத்தார். எனக்குத் தெரியும் என்பதை நானும் மறைத்தேன்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் செருகி, பிளக்கை மாட்டி, தம்பியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். என்ஜின் முக்கி முனகியது. கார்புரேட்டர் வழியாக ஒரு நாக்கு நெருப்பு வெளியே வந்தது. அவர் பின்வாங்கினார்.

"என்னண்ணே, வண்டி தும்முது. ஜலதோஷமா?" என்றார் கொழுந்தன். பிறகு இறங்கி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து, "நகருங்க, நான் பாக்கறேன்" என்றார்.

அவர் நகரவில்லை. பிளக்கை மறுபடி கழற்றிவிட்டுக் காகிதம் உருட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்.

கணவருக்குக் கேட்கும்படி சொன்னால் பட்டறைக்கே கேட்கும். சொல்லாமல் விட்டால் அதே தப்பு மறுபடியும் நடக்கும். எழுந்து போனேன். கொழுந்தனிடம் சாவியை எடுத்துவிடச் சொன்னேன். கணவரின் முகத்துக்கு நேரே நின்று, "இன்னைக்கு நான் விரல் வைக்கறேன். நீங்க திருப்புங்க" என்றேன்.

அவர் என் உதடுகளைப் பார்த்தார். காகிதம் கையிலிருந்து விழுந்தது.

கட்டை விரலை ஓட்டையில் அழுத்தி, இன்னொரு கையை அவர் தோளில் வைத்தேன். அவர் குனிந்து திருப்பினார். முதலில் விரலை உள்ளே இழுத்தது. பிறகு ஒன்றுமில்லை. தவறவிட்டேனோ என்று விரலை இன்னும் அழுத்தினேன். அதற்குள் காற்று முட்டி விரலைத் தள்ளியது. தோளை அழுத்தினேன். அவர் கை வேகம் தணிந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கோட்டில் நின்றது.

டிஸ்ட்ரிபியூட்டரை உருவி, அரைச் சுற்று திருப்பிச் செருகி, பிளக்கை மாட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார். ரகசியம் என்று அவர்தான் நினைத்தார்.

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும், என் காது போச்சுன்னு?"

தெருவரை கேட்டிருக்கும். கொழுந்தன் கையில் சாவியோடு அப்படியே நின்றார். நான் தோளில் இருந்த கையை எடுக்கவில்லை.

கொழுந்தன் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. கணவர் என்ஜினின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பார்த்துப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி முடுக்கினார். எனக்குக் கேட்டவரை ஓட்டம் சீராக இருந்தது.

கொழுந்தன் இறங்கி வந்தார். எப்போதும்போல முதுகுக்குப் பின்னால் நிற்காமல், சுற்றிக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே நின்றார்.

"முதல்ல காதை டாக்டர்கிட்ட காட்டுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அவர் தம்பியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. ஆனால் இந்த முறை அவருக்குக் கேட்டிருந்தது.